மினி கூப்பர் எஸ் வண்டிக்கு 15 சதவீத சூப்பர்சார்ஜர் புல்லி: வீட்டு வாசலில் மாற்றிய கதை

என்னுடையது 2005 மினி கூப்பர் எஸ். இந்த மாடலின் குறியீடு ஆர்53, அப்படிச் சொன்னால் தெரிந்தவர்களுக்குப் புரியும். நான் குடியிருக்கும் ஆக்ஸ்ஃபோர்டில், கவ்லி தொழிற்சாலையில் உருவாகி வெளியே வந்த வண்டி. எஞ்சின் மட்டும் பிரேசிலிலிருந்து கப்பலேறி வந்தது. பிஎம்டபிள்யூவும் கிரைஸ்லரும் சேர்ந்து அங்கே நடத்திய ட்ரைடெக் ஆலையில் செய்த 1.6 லிட்டர், நான்கு சிலிண்டர். அதன் முன்பக்கத்தில் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர், அதாவது பெல்ட்டால் ஓடி எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி, உட்கார்ந்திருக்கிறது. முதலில் வந்த வண்டிகளுக்கு 163 குதிரைத்திறன், 2004 நடுவில் மாற்றம் செய்த பிறகு 170.

இந்த வண்டியில் சக்தியைக் கூட்ட மிகக் குறைந்த செலவில் ஆகும் வேலை சூப்பர்சார்ஜர் புல்லியை, அதாவது பெல்ட் அதைச் சுற்றவைக்கும் சக்கரத்தை, சிறிதாக மாற்றுவதுதான். கம்பெனியே இதைச் செய்திருக்கிறது. சக்தியைக் கூட்ட மினியே விற்ற ஜான் கூப்பர் வொர்க்ஸ் கிட்டில் 11 சதவீதம் சிறிய புல்லி வரும். வெளியில் கிடைப்பவை 15, 17, 19 சதவீதம். நான் போட்டது 15. மூன்று வருடமாக ஓடுகிறது. எப்படிச் செய்தேன், எங்கே தவறு செய்தேன் என்று எல்லாவற்றையும் சொல்கிறேன். இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள், இங்கிலாந்தில் இருப்பவர்கள், நேரடியாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 1.6 லிட்டர் எஞ்சின், நான்கு ஸ்ட்ரோக். அதனால் கிராங்க் (எஞ்சினின் முக்கியத் தண்டு) ஒரு சுற்று சுற்றும்போது பாதி அளவு, அதாவது 800 சிசி காற்றை இழுக்கும். எம்45 என்ற பெயரிலேயே சூப்பர்சார்ஜரின் அளவு இருக்கிறது: ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம், கிட்டத்தட்ட 740 சிசி. கிராங்க் ஒருமுறை சுற்றினால் இது இரண்டு முறைக்குச் சற்று மேலே சுற்றும். ஆக, 800 சிசி கேட்கும் எஞ்சினுக்கு 1,500 சிசி காற்று கொடுக்கப்படுகிறது. அந்த மிச்சம்தான் பூஸ்ட். புல்லியின் குறுக்களவை 15 சதவீதம் குறைத்தால், ஏறக்குறைய 65 மில்லிமீட்டர் 55 ஆகும், வேகமோ 15 அல்ல, 17.6 சதவீதம் கூடும். ஒன்றை 0.85-ஆல் வகுத்துப் பாருங்கள், தெரியும். 19 சதவீதப் புல்லிக்கு இது 23 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது.

ஸ்லவ் ஊரில் இருக்கும் என் சித்தி மகன் கேட்டான். “அண்ணா, எப்படியும் கழற்றப்போறோம், 19-ஐயே போட்டா என்ன?” பலருக்கும் வரும் கேள்விதான். எம்45 ரூட்ஸ் வகை. அது காற்றை உள்ளேயே அழுத்தித் தருவதில்லை, வாரி வாரி மறுபக்கம் தள்ளுகிறது, அவ்வளவுதான். வேகம் கூடக் கூடத் தள்ளும் காற்றைவிடக் கிளப்பும் சூடு அதிகமாகிறது. கம்பெனி புல்லியோடு எஞ்சின் உச்ச வேகத்தில் இருக்கும்போது சூப்பர்சார்ஜர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 14,000 சுற்று ஓடும். 15 சதவீதத்தில் 16,000-ஐத் தாண்டும். 19-இல் 17,000. அந்தக் கடைசி ஆயிரத்துக்குக் கிடைக்கும் சக்தி கொஞ்சம். அதற்குக் கொடுக்கும் விலை பேரிங்கும் பெல்ட்டும். தினமும் வேலைக்கு ஓட்டிப்போகும் வண்டிக்கு 15 போதும் என்பது என் உறுதியான எண்ணம். தம்பியும் கடைசியில் 15-தான் போட்டான்.

முதலில் பார்க்க வேண்டியவை

புல்லி மாற்றுவது அரை நாள் வேலை. ஆனால் அதற்கு முன்னால் வண்டியைப் பார்த்துக்கொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது. நோயாளி சூப்பர்சார்ஜரில் சிறிய புல்லி போட்டால் அது இன்னும் சீக்கிரம் சாகும்.

எம்45-க்குத் தனியாக எண்ணெய் உண்டு. எஞ்சின் ஆயிலோடு அதற்குச் சம்பந்தமில்லை. முன் மூக்கில் கொஞ்சம், பின்னால் இருக்கும் பல்சக்கரப் பெட்டியில் கொஞ்சம். இதை மாற்றச் சொல்லிச் சர்வீஸ் புத்தகத்தில் எங்கும் இல்லை. அதனால் யாரும் மாற்றுவதில்லை. ஆர்53-இல் தண்ணீர் பம்ப்பைச் சுற்றுவதும் இந்தப் பின்பக்கப் பல்சக்கரங்கள்தான். எண்ணெய் வற்றினால் முதலில் பல் தேயும், அப்புறம் பம்ப் நிற்கும், அப்புறம் எஞ்சின் கொதிக்கும்.

என் வண்டி 90,000 மைல் ஓடியிருந்தபோது சூப்பர்சார்ஜரை இறக்கினேன். பின்பக்கப் பிளக்கைத் திறந்து, கீழே ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை வைத்துச் சாய்த்தேன். எண்ணெய் வரும் என்று பார்த்தால், ஒரு நிமிடம் கழித்துக் கரிய கூழ் ஒரு டீஸ்பூன் அளவு மெதுவாக வழிந்தது. அழுகிய முட்டை நாற்றம். கையுறையைக் கழற்றிய பிறகும் விரலில் இரண்டு நாள் இருந்தது. பல்சக்கரத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன், நல்லவேளை, பற்கள் கூர்மையாகவில்லை. புது எண்ணெய் ஊற்றி, தண்ணீர் பம்ப்பையும் புதிதாகப் போட்டுத் திரும்ப ஏற்றினேன். உங்கள் வண்டி 80,000 மைலைத் தாண்டி, இந்த வேலை நடந்ததற்கு ரசீது எதுவும் இல்லையென்றால், புல்லிக்காக மட்டும் கை வைக்காதீர்கள். சூப்பர்சார்ஜரையே வெளியே எடுத்து, எண்ணெய், பம்ப், புல்லி மூன்றையும் மேசைமேல் வைத்துச் செய்யுங்கள். முன்பக்கத்தை முழுதாகக் கழற்ற வேண்டியிருக்கும், ஒரு நாள் கூடும். ஆனால் மேசைமேல் புல்லி மாற்றுவது வண்டிக்குள் மாற்றுவதைவிடப் பல மடங்கு சுலபம்.

அடுத்தது கிராங்க் புல்லி. அது ஒற்றை இரும்பு அல்ல. உள் குமிழுக்கும் வெளி வளையத்துக்கும் நடுவில் ரப்பர் இருக்கிறது, அதிர்வை விழுங்க. வயதானால் ரப்பர் விட்டுப்போகும். சோதிக்கச் சாக்பீஸ் போதும். குமிழிலிருந்து வளையம் வரை ஒரே நேர்கோடு கிழியுங்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு உடைந்து, வளையத்தில் இருக்கும் பாதி நகர்ந்திருந்தால் ரப்பர் போய்விட்டது. அதை மாற்றாமல் சூப்பர்சார்ஜர் பக்கம் போகாதீர்கள், சிறிய புல்லி பெல்ட்டின்மேல் இன்னும் பாரம் ஏற்றும். எடை குறைவு என்று சொல்லி ரப்பரே இல்லாத திட அலுமினியக் கிராங்க் புல்லியும் விற்கிறார்கள். நான் வாங்க மாட்டேன்.

பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் இந்த வண்டியில் அடிக்கடி போகும். அதன் ஆட்டத்தை அடக்கும் டாம்பரில் எண்ணெய்க் கசிவு, வண்டி நிற்கும்போது கை நடுங்குவதுபோல ஆட்டம், இரண்டில் எது இருந்தாலும் புதிது போடுங்கள்.

வாங்க வேண்டியவை

15 சதவீதப் புல்லி. அதற்கேற்ற ஆறு பள்ளப் பெல்ட், கம்பெனி பெல்ட்டைவிடச் சுமார் ஒரு சென்டிமீட்டர் குட்டை. ஆர்53 புல்லிக்கென்றே செய்த புல்லர், அதாவது புல்லியை இழுத்துக் கழற்றும் கருவி. டென்ஷனரை இழுக்கும் நெம்புகோல். ஒரு படி குளிர்ந்த ஸ்பார்க் பிளக் நான்கு. என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ச்சி கூடும், வழக்கமாகப் போடுவது 6 என்றால் 7 வாங்குங்கள்.

பெல்ட்டில் நான் ஏமாந்தேன். பழைய பெல்ட் ஆறு மாதத்துக்கு முன்தான் போட்டது, புதிதுபோலவே இருந்தது, அதையே மாட்டினேன். டென்ஷனர் தன் எல்லைவரை போய் முட்டி நின்றது, அதை நான் கவனிக்கவில்லை. முதல் மலையேற்றத்தில், 4,500 சுற்றுக்கு மேல் ரப்பர் கருகும் வாடை. பூஸ்ட் மானியில் முள் ஏறி, பிறகு தளர்ந்து இறங்கியது. பெல்ட் வழுக்கியிருக்கிறது. மறுநாள் மறுபடியும் சக்கரத்தைக் கழற்றினேன். சின்னப் புல்லியை பெல்ட் தழுவும் இடமே குறைவு. அதில் தளர்ச்சியும் சேர்ந்தால் நிற்கவே நிற்காது.

புல்லரிலும் சிக்கனம் பார்க்க வேண்டாம். மூன்று கால் புல்லர் உள்ளே நுழைய இடமில்லை, நுழைந்தாலும் புல்லியின் விளிம்பை வளைத்துவிட்டு வழுக்கும். புல்லியின் பள்ளங்களை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பிளவு வளையப் புல்லர்தான் வேண்டும். வாங்க முடியாவிட்டால் மினி வைத்திருக்கும் நண்பரிடம் கேளுங்கள், யாராவது ஒருவர் நிச்சயம் வைத்திருப்பார்.

கழற்றுவது

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். நான் முந்தைய இரவே நிறுத்திவிட்டுக் காலையில் ஆரம்பித்தேன். பாட்டரி இந்த வண்டியில் டிக்கியில் இருக்கிறது, அதன் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். பெல்ட் எல்லாம் வண்டியின் வலப்பக்கம், இங்கே அது ஓட்டுநர் பக்கம். வலது முன் சக்கர போல்ட்டுகளைத் தரையிலேயே தளர்த்தி, ஜாக்கி ஏற்றி, ஆக்சில் ஸ்டாண்டில் உட்கார வைத்து, வண்டியை ஒருமுறை பலமாகக் குலுக்கிப் பாருங்கள். அசையக்கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே கை விடாதீர்கள். சக்கரத்தையும் அதன் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பையும் எடுங்கள்.

புல்லிக்கும் பாடியின் சட்டத்துக்கும் நடுவில் ஒரு கை தட்டையாக நுழையும் அளவுதான் இடம். அங்கே புல்லரை நுழைக்க எஞ்சினை நகர்த்த வேண்டும். கூலன்ட் டாங்கியின் போல்ட்டுகளைக் கழற்றி, ஹோஸைத் தொடாமல் ஓரமாகச் சாய்த்துக் கட்டிவையுங்கள். இந்த டாங்கி ஒட்டுத் தையலில் வெடிக்கும் பழக்கமுள்ளது, கையில் இருக்கும்போதே வெள்ளைக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது ஜாக்கியை ஆயில் சம்ப்புக்கு அடியில், நடுவே அகலமான மரக்கட்டை வைத்து, பாரம் தாங்கும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். கட்டை இல்லாமல் ஏற்றினால் சம்ப் நசுங்கும். அப்புறம் வலப்பக்க எஞ்சின் மவுண்டைக் கழற்றலாம். இனி ஜாக்கியை மெல்ல ஏற்றி இறக்கி எஞ்சினை வேண்டிய உயரத்துக்குக் கொண்டுவரலாம். இரண்டு பக்கமும் ஹோஸ், ஒயர் எதுவும் இழுபடவில்லையே என்று பார்த்துக்கொண்டே செய்யுங்கள்.

டென்ஷனரை நெம்பி, அதன் துளையில் ஊசியைச் செருகிப் பூட்டுங்கள். ஸ்பிரிங் கடுமையானது, விரலை இடையில் வைக்காதீர்கள். பெல்ட் எந்தெந்தச் சக்கரத்தில் எப்படி வளைந்து போகிறது என்று போனில் ஒரு படம் எடுத்துவிட்டு உருவுங்கள்.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். பெல்ட் இல்லாத சூப்பர்சார்ஜர் புல்லியைக் கையால் சுற்றுங்கள். தண்ணீர் பம்ப்பும் சேர்ந்து சுற்றுவதால் லேசான இழுவை இருக்கும், அது சரி. மணலை அரைப்பது போன்ற நெருடல் இருந்தால் பேரிங். உள்ளும் வெளியும் தள்ளி இழுத்துப் பாருங்கள், ஆட்டம் தெரியக்கூடாது. மூக்கைச் சுற்றி எண்ணெய் ஈரம் இருந்தால் சீல். இவற்றில் ஒன்று இருந்தாலும் வேலையை அங்கேயே நிறுத்தி, சூப்பர்சார்ஜரை இறக்கிப் பழுது பாருங்கள்.

சரி, புல்லி. பூட்டு, போல்ட் எதுவும் கிடையாது, தண்டின்மேல் இறுக்கமாக அழுத்தி ஏற்றியது. கழற்றுவதற்கு முன் வெர்னியரை எடுங்கள். தண்டின் முனையிலிருந்து புல்லியின் முதல் பள்ளம் வரை எவ்வளவு ஆழம் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். புல்லியின் முகத்தை வைத்து அளந்தால் தப்பாகும், புதுப் புல்லியின் முகம் வேறு கனத்தில் இருக்கலாம். பெல்ட் ஓடுவது பள்ளத்தில்தானே. நான் மூன்று இடத்தில் அளந்து, சக்கர வளைவின் உள்பக்கமே மார்க்கரில் எழுதினேன். இன்னும் அழியாமல் இருக்கிறது.

புல்லரைக் கவ்வவிட்டு நடுத்திருகைத் தண்டின் மையத்தில் வைத்து முறுக்குங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், முகத்தைப் புல்லருக்கு நேராக வைக்காதீர்கள். முறுக்கம் ஏறிக்கொண்டே போகும், ஒன்றும் நடக்காததுபோல இருக்கும், திடீரென்று ‘டப்’ என்று ஒரு சத்தம். பயந்துவிடுவீர்கள், ஆனால் அதுதான் நல்ல செய்தி. பிறகு சிரமமில்லாமல் வரும்.

ஏற்றுவது

என் அப்பா கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்தார். பேரிங்கைத் தண்டில் ஏற்ற அவர் சுத்தியலைத் தொட்டு நான் பார்த்ததில்லை. சுடவைப்பார், நழுவவிடுவார், ஆறட்டும் என்று டீ குடிக்கப் போவார். இங்கேயும் அதே முறைதான். இந்தத் தண்டைச் சுத்தியலால் அடித்தால் அடி நேரே உள்ளிருக்கும் பேரிங்குக்கும் காற்றை வாரும் ரோட்டருக்கும் போகும். ரோட்டர்களுக்கும் கூட்டுக்கும் நடுவே இருப்பது மயிரிழை இடைவெளி. இந்த ஊரில் ஒரு பட்டறையில் ரப்பர் சுத்தியலால் தட்டி ஏற்றிய ஆர்53 ஒன்றை நானே ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இரண்டே மாதத்தில் மூக்குப் பேரிங் ஊளையிட ஆரம்பித்தது, சூப்பர்சார்ஜர் முழுதும் மாற்ற வேண்டியதாயிற்று.

புல்லி செய்கிறவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் செய்கிறார்கள். சிலது போல்ட் போட்டுக் கவ்வும், சிலது சுடவைத்து ஏற்றுவது. உங்கள் புல்லியோடு வந்த தாளில் உள்ளதுதான் வேதம். என்னுடையது சுடவைக்கும் வகை. தண்டை மெல்லிய எமரி தாளால் துடைத்து, சீல் பக்கம் துணி அடைத்து, துகளைச் சுத்தம் செய்தேன். கராஜில் இருக்கும் பழைய சிறு அடுப்பில், தாளில் சொன்ன சூட்டில் புல்லி இருபது நிமிடம் இருந்தது. அதுவரை தண்டின் முனையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ். தோல் கையுறை போட்டு, ஐஸைத் தூக்கிப் போட்டு, ஈரத்தை ஒற்றி எடுத்து, ஒரே தள்ளில் ஏற்றினேன். சில நொடிதான் கிடைக்கும், தண்டு சூட்டை இழுத்ததும் பிடித்துக்கொள்ளும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு முன்பே எழுதிய அளவுக்கு ஒரு மரத்துண்டு வெட்டி வைத்திருந்தேன், அது தொட்டதும் நிறுத்தினேன். பாதியில் பிடித்துக்கொண்டால் அடிக்காதீர்கள். ஆறவிட்டு, புல்லர் போட்டுக் கழற்றி, மறுபடி சுடவையுங்கள்.

முழுக்க ஆறிய பிறகு வெர்னியரால் மறுபடி அளந்தேன். அரை மில்லிமீட்டருக்குள் இருந்தது. பெல்ட்டை மாட்டி, ஒவ்வொரு சக்கரத்திலும் ஆறு வரியும் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு வரி தள்ளி உட்கார்ந்திருக்கும், அதனால் தடவித்தான் பார்க்க வேண்டும். ஊசியை எடுத்து டென்ஷனரை விடுங்கள். அது எல்லையில் முட்டாமல் நடுவில் நிற்க வேண்டும். மவுண்ட், டாங்கி, மறைப்பு, சக்கரம் எல்லாம் கழற்றிய வரிசைக்குத் தலைகீழ். எம்12 சக்கர போல்ட்டுக்கு 120 நியூட்டன் மீட்டர். மவுண்டின் முறுக்கத்தை மேனுவலில் பார்த்து வையுங்கள்.

பிளக்குகளையும் இப்போதே மாற்றிவிடுங்கள். மேலே இருக்கும் இன்டர்கூலரை (காற்றைக் குளிர்விப்பது) கழற்றினால் அதன் இரண்டு பக்க ரப்பர் உறைகளைப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் சம்பாதித்த பூஸ்ட் அங்கேயே கசிந்துவிடும்.

ஓட்டும்போது

ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றி பெல்ட் நேராக ஓடுகிறதா என்று பார்த்தேன். பிறகு ஸ்டார்ட் செய்து அரை நிமிடம், அணைத்து, டார்ச் அடித்து இன்னொருமுறை. முதல் ஐம்பது மைல் மிதமாக.

பெட்ரோல் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண 95 ஆக்டேன் பெட்ரோல் எத்தனால் கலந்த இ10. நான் போடுவது 99 ஆக்டேன் சூப்பர் மட்டும். காற்று சூடாக வரும்போது ஆக்டேன் குறைந்தால் பெட்ரோல் தாறுமாறாக வெடித்து எஞ்சின் நாக் அடிக்கும், சென்சார் அதைக் கேட்டுத் தீப்பொறியின் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், போட்ட காசு அங்கே போய்விடும். ரீமேப், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் நிரலை மாற்றுவது, இல்லாமலே 15 சதவீதத்தை கம்பெனி கம்ப்யூட்டர் சமாளிக்கிறது. இதற்கு மேல் கேம், ஹெட் என்று போனால் இன்ஜெக்டரும் ரீமேப்பும் கட்டாயம்.

குதிரைத்திறனை அளக்கும் ரோலிங் ரோடில் என் வண்டி முன்பு 166 காட்டியது, பிறகு 184. ஆனால் எனக்குப் பிடித்தது அந்த எண் அல்ல. 3,000 சுற்றிலேயே இழுவை வந்துவிடுகிறது. மூன்றாவது கியரில் மிதித்தால், சூப்பர்சார்ஜரின் ஊளை முன்பைவிடச் சற்று மேல் ஸ்ருதியில் கேட்கிறது. வெயில் நாளில் இரண்டு, மூன்று முறை தொடர்ந்து மிதித்தால் இன்டர்கூலர் சூடேறி இழுவை தளரும். ஒரு நிமிடம் மெல்ல ஓட்டினால் திரும்பிவிடும்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லுங்கள். இங்கே மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால், விபத்து நேரத்தில் பாலிசி செல்லாது என்று சொல்ல அவர்களுக்கு இடம் கிடைக்கும். எனக்கு பிரீமியம் கொஞ்சம் ஏறியது, கொடுத்தேன்.

நூறு மைல் கழித்து சக்கரத்தைக் கழற்றி, பெல்ட்டைச் சுற்றிக் கறுப்புத் தூள் இருக்கிறதா என்று பாருங்கள். தூள் இருந்தால் புல்லி நேராக இல்லை. பெல்ட்டை இனி கம்பெனி சொல்லும் கெடுவுக்கு முன்பே மாற்றுங்கள், நான் 20,000 மைலுக்கு ஒன்று போடுகிறேன். குட்டைப் பெல்ட் எல்லாக் கடையிலும் கிடைக்காது, அதனால் டிக்கியில் பாட்டரி பக்கத்தில் ஒன்று எப்போதும் இருக்கிறது. ஓடும்போது பெல்ட் அறுந்தால் பாட்டரி விளக்கு எரியும், தண்ணீர் பம்ப்பும் அந்த நொடியே நின்றுவிடும். வீடு பக்கம்தானே என்று ஓட்டாதீர்கள். ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்துவிடுங்கள்.